எல்லைக்கு அந்தப் பக்கத்துப் புகை

மார்ச் 4

காலையிலேயே ஊதும் அறையின் மின்விசிறி நின்றுவிட்டது. கதவில் நுரையீரல் பரிசோதனை என்று எழுதியிருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அது ஊதும் அறைதான். வியர்வை வழிய வழிய "மூச்சை நல்லா இழுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று கத்தி மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. ஊத வந்தவர்களைவிட நான்தான் அதிகம் ஊதியிருப்பேன்.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் டாக்டர் இனிப்புப் பெட்டியோடு உள்ளே வந்தார். அனல் மின் நிலையத்தை மூட உத்தரவு வந்துவிட்டது. செப்டம்பர் கடைசியோடு எல்லா யூனிட்டும் நிற்கும். எத்தனை வருடக் கூட்டம், எத்தனை மனு. மூடச் சொல்லிப் போராடிய குழுவுக்கு டாக்டர் தலைவர், நான் செயலாளர். என் அறையில் ஊதியவர்களின் கணக்கைத்தான் அவர் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். இன்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த நிலையத்தில்தான் டர்பைன் ஆபரேட்டர், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. விஷயம் தெரிந்திருந்தது. இனிப்புப் பெட்டியை நான் பைக்குள்ளேயே வைத்திருந்தேன், எப்படியோ பார்த்துவிட்டார்.

"எடு. நானும் ஒண்ணு தின்னு பாக்கறேன்" என்றார்.

தின்றார். நல்லா இருக்கு என்றும் சொன்னார்.

மார்ச் 5

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சண்டை போட்டால் தேவலை.

ஜூன் 19

தங்கை போனில் பேசினாள். ஆற்றுப் பாலம் தாண்டி, மண்டல எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் மூன்று மணி நேரம் அவள் ஊர். அங்கேயும் ஒரு அனல் மின் நிலையம், அவள் வீட்டுக்காரர் அங்கே நிலக்கரி யார்டில் சூப்பர்வைசர். ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த இரண்டு பழைய யூனிட்டைத் திரும்பக் கொளுத்தப் போகிறார்களாம். டர்பைன் தெரிந்த ஆள் வேண்டுமாம்.

"அத்தானை அனுப்பி வை அக்கா. எங்க வீட்லயே தங்கிக்கட்டும். மாடி ரூம் சும்மாதான் கிடக்கு."

சகலை சிபாரிசில் வேலை. சகலை வீட்டில் சாப்பாடு. இதை இவரிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வருடமும் அந்த மனுஷனை "கரி அள்ற மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கிண்டல் செய்தவர். சாப்பிடும்போது சொன்னேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மாடி ரூம்ல காத்து வருமா?" என்று மட்டும் கேட்டார்.

நல்ல நேரத்தில் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். ஏன் இந்த நேரத்தில் திறந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதும் இப்போதுதான் லேசாக உறுத்துகிறது. பூட்டிக் கிடந்ததை ஏன் இப்போது கொளுத்துகிறார்கள்?

செப்டம்பர் 30

நிறுத்திவிட்டார்கள்.

பாலத்தின் மேல் கூட்டம். குழு ஆட்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டு வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், சாம்பல் இனி விழாது என்பதற்காக. புகைபோக்கியிலிருந்து வந்த புகை மெலிந்து, விட்டு விட்டு வந்து, பிறகு ஒன்றுமில்லை. மைக்கில் டாக்டர் பேசினார். முதல் கூட்டத்தில் சொன்னதையே இன்றும் சொன்னார்: "சாம்பல் விழுந்த ஊரோட நிக்கும். கார்பன் அப்படி இல்ல. அதுக்கு ஊர் எது, எல்லை எது? எல்லார் தலைக்கு மேலயும் ஒரே வானம்." அவர் அதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் சிலிர்க்கும். இன்றும் சிலிர்த்தது.

கடைசி யூனிட்டின் டர்பைனை நிறுத்தியது இவர் கை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுவார் என்று பார்த்தேன், வரவில்லை. வந்த பிறகு கேட்டதற்கு, பித்தானை அமுக்கினால் உடனே நின்றுவிட அது மிக்ஸி இல்லை என்றார். சூடு ஆறும்வரை டர்பைனின் தண்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைந்துவிடும். "இனிமே வளைஞ்சா என்னங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பாலத்தில் நடந்ததை எழுத மறந்துவிட்டேன். புகை நின்ற அந்த நேரத்தில் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. பார்த்தீர்களா, இது இல்லாமலும் ஊர் நடக்கும் என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் கைதட்டினோம். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

அக்டோபர் 11

அவர் கிளம்பிப் போனார். ஒரு பெட்டி, ஒரு தலையணை. அங்கேயும் தலையணை இருக்கும் என்றேன். சகலை வீட்டுத் தலையணையில் தலை வைத்தால் தூக்கம் வராது என்றார். சிரிக்கத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 23

பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மொட்டை மாடியில் காயப்போட்ட படுக்கை விரிப்பை உதறாமலே மடித்தேன். ஜன்னல் கம்பியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன், விரல் விரல் நிறத்திலேயே இருந்தது. ரொம்ப நாளாக வரும் தையல்காரம்மா இன்று ஊதினார். மெஷினில் கோடு போன தடவையைவிட மேலே ஏறியது. கொஞ்சம்தான். ஆனால் ஏறியது. அவரே நம்பாமல் இன்னொரு தடவை ஊதிக் காட்டினார்.

இதை யாரிடம் சொல்வது? வீட்டில் யாரும் இல்லை.

டிசம்பர் 27

அவர் விடுமுறையில் வந்திருக்கிறார். இளைத்துவிட்டார். குளித்துவிட்டு வந்து துடைத்த துண்டு கறுப்பாக இருந்தது. அதை எனக்குத் தெரியாமல் வாளிக்கடியில் போட்டிருந்தார்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு, சும்மா பேச்சு வளர்க்கத்தான், அங்கே தயாராகும் மின்சாரம் எங்கே போகிறது என்று கேட்டேன். என்னை நம்பாமல் பார்த்தார்.

"நிஜமாவே தெரியாதா உனக்கு?"

"தெரியாதுங்க."

"இங்கதான் வருது. உன் ஃபேன், உன் ஃப்ரிட்ஜ், உன் ஊதற மெஷின். நான் அங்க சுத்தறேன், நீ இங்க ஊதற."

அப்புறம் நிறுத்தாமல் பேசினார். மார்ச்சிலிருந்து சேர்த்து வைத்ததை எல்லாம். அந்த இரண்டு யூனிட்டும் கிழடாம். இங்கே இருந்ததைவிட வயதானவை, அதே அளவு மின்சாரத்துக்கு அவற்றுக்குத் தீனி அதிகம். இவ்வளவு தூரம் கம்பியில் வரும்போது வழியில் கொஞ்சம் வீணாகிறது. அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் எரிக்க வேண்டும். காற்று அடிக்கும் மாதங்களில் காற்றாலைகள் கைகொடுக்கின்றன, அப்போது பரவாயில்லை. மற்ற மாதங்களில் இங்கே எரித்ததைவிட அங்கே கூடுதலாகவே எரிகிறது.

"ஒரே வானம்னு சொல்வாரே உன் டாக்டர்? அதேதான். அதே வானம். என்ன, வேற புகைபோக்கி."

இவர் கோபத்தில் சொல்கிறார், நாளை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

டிசம்பர் 28

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

பிப்ரவரி 8

இன்று கேட்டேன். மண்டல அரசின் அறிக்கை வந்திருக்கிறது: நம் மண்டலத்தின் கார்பன் உமிழ்வு பாதியாகக் குறைந்துவிட்டது. டாக்டர் அதை வெட்டி அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு. நான் கீழே இருந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டே கேட்டேன், வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் புகையும் இதில் சேர்ந்திருக்கிறதா என்று.

இறங்கி வந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முன்பே, வெகு நாளாகவே.

"எல்லைக்கு அந்தப் பக்கம் எரியறது நம்ம கணக்குல வராதும்மா. அவங்க கணக்குல வரும். முறையே அதுதான்."

"கார்பனுக்கு ஏது எல்லைன்னு நீங்கதான சொல்வீங்க டாக்டர்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார். இதை வெளியே சொன்னால் அடுத்த நிமிடமே நிலையத்தைத் திறக்கச் சொல்லிக் கிளம்புவார்கள். தையல்காரம்மாவின் கோடு மறுபடியும் கீழே இறங்கும். ஒவ்வொன்றாகத்தான் மூட முடியும், முதலில் ஒன்று நின்றால்தான் அடுத்தது நிற்கும், காற்றாலை வர வர அந்தப் பக்கமும் குறையும். இப்படி நிறைய. எல்லாம் நியாயம்தான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

வரும்போது நாற்காலியை அதன் இடத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16

தங்கை வீட்டில் இருக்கிறேன். மாடி அறையில், இவருடைய தலையணையில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன்.

இந்தத் தெரு நான் பார்த்த தெருவே இல்லை. இலைகளுக்கு நிறம் இல்லை. தங்கை ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறாள். தண்ணீர்க் குடத்துக்கு இரட்டைத் துணி கட்டியிருக்கிறாள். உள்ளே வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெள்ளைச் சேலையா? உங்க ஊர்லேருந்து வந்தவன்னு பாத்ததுமே தெரியுது" என்றாள். சாயங்காலம் அந்தச் சேலையைத் துவைக்கப் போட்டேன்.

அவள் வீட்டுக்காரருக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது, பதவியும் உயர்ந்திருக்கிறது. அந்த மனுஷன் பாவம், சகலை என்று இவரை ஒரு சொல் குத்திப் பேசுவதில்லை. தன் தட்டிலிருந்து எடுத்து இவர் தட்டில் வைக்கிறார். இவருக்கு அதுதான் தாங்கவில்லை என்று எனக்குத் தெரிகிறது.

கையோடு சின்ன ஊதும் கருவியைக் கொண்டுவந்திருந்தேன். இவரை ஊதச் சொன்னேன், வேலைக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போய்விட்டார். தங்கை ஊதினாள். சமையலறையில், அடுப்பை அணைத்துவிட்டு. சின்ன வயதில் பலூன் ஊதினால் அவளுடையதுதான் முதலில் வெடிக்கும், அவ்வளவு மூச்சு. இன்று பாதியில் இருமல் வந்து நிறுத்திவிட்டாள். மறுபடியும் ஊதச் சொன்னேன். மூன்றாவது தடவையும் முள் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

"பரவாயில்ல" என்றேன்.

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு அடுப்பைப் பற்ற வைத்தாள். "உங்களை விட்டுது, எங்களைப் பிடிச்சுது. யாரையாவது பிடிச்சுத்தான ஆகணும். விடு அக்கா."

விடு அக்கா என்கிறாள். எதை விடுவது.

மே 2

வேலையில் கவனம் இல்லை. ஒருவரை "ஊதுங்க" என்று சொல்லிவிட்டு "போதும்" என்று சொல்ல மறந்துவிட்டேன். பாவம், முகம் சிவந்துபோய் ஊதிக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 30

மூடி ஒரு வருடம். விழா. எனக்கும் டாக்டருக்கும் கேடயம் கொடுத்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பலகை: "பாதியாகக் குறைந்தது எங்கள் புகை."

இரண்டு வார்த்தை நன்றி சொல்லச் சொன்னார்கள். ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டேன். சொன்னது இவ்வளவுதான்: நம் புகை குறையவில்லை. இடம் மாறியிருக்கிறது. இங்கே நின்றதில் பெரும்பகுதி இப்போது என் தங்கை வீட்டின் மேல் போகிறது. வானத்துக்குப் போகும் கணக்கைப் பார்த்தால் கொஞ்சம்கூடக் குறைந்ததாகத் தெரியவில்லை. நம் வீட்டில் ஸ்விட்சைப் போடும் ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு அடுப்பு எரிகிறது. மூடியது தப்பு என்று நான் சொல்லவில்லை. முடித்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

கல்லெறிவார்கள், வையப்போகிறார்கள் என்று நின்றேன்.

கைதட்டினார்கள். நன்றாக, நீளமாகக் கைதட்டினார்கள். அடுத்து ஒரு பெண் வந்து சாப்பாடு தயாராக இருப்பதாகச் சொன்னாள். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், உருக்கமாகப் பேசினீங்க என்று சொல்லிவிட்டு ஊறுகாய் கேட்டார். வைதிருந்தால்கூட நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

டாக்டர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 6

நான் பேசியதை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். வேலை இழந்தவர்களின் சங்கம் சுவரொட்டி அடித்துவிட்டது. என் முகம், அதன் கீழே பெரிய எழுத்தில் "புகை குறையவில்லை." அதற்கும் கீழே, "நிலையத்தைத் திற." ஆஸ்பத்திரி மதில் முழுக்க நான்தான். காலையில் என் முகத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

நான் சொன்னதில் அவர்களுக்கு வேண்டியதை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டார்கள். குழு ஆட்கள் யாரும் இன்று என்னிடம் பேசவில்லை. தையல்காரம்மா மட்டும் வந்தார். "ஏம்மா, மறுபடியும் திறக்கச் சொல்றீங்களாமே?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. அவர் பார்த்தது சுவரொட்டியைத்தானே.

அக்டோபர் 7

அவர் போன் செய்தார். ஒன்றரை வருடமாகக் கேட்காத உற்சாகம் குரலில்.

"பாத்தேன். நல்லா சொல்லிட்ட. திறந்துடுவாங்கன்னு இங்க பேசிக்கறாங்க. திறந்தா அடுத்த பஸ்ஸுல வந்துடுவேன். நம்ம வீட்லயே இருக்கலாம்."

அவருக்கு இவ்வளவு ஆசை இருந்ததா? சரி என்று சொல்லியிருக்கலாம். சரி பாப்போம் என்றாவது. எனக்குச் சொல்ல வரவில்லை. திறக்கக் கூடாதுங்க என்றேன்.

போனில் அவர் மூச்சு கேட்டது. அதில் விசில் சத்தம் இருந்தது, எனக்குத் தெரியாத சத்தமா அது.

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"ரெண்டையும் மூடணும். அதுக்கு முன்னாடி வேற வழி பண்ணிட்டு மூடணும்."

"அதுவரைக்கும்?"

அதுவரைக்கும் என்ன? எனக்கு மட்டும் தெரியுமா? நான் யார், மந்திரியா? போனை வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழுதேன். போடா என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 18

திறக்கவில்லை. மெஷின்களை எல்லாம் கழற்றி விற்றாகிவிட்டதாம், சங்கத்துக்காரர்களுக்கே அது தெரியாது. சுவரொட்டி மழையில் ஊறி என் முகம் பாதி தொங்குகிறது.

ஜனவரி 14

தங்கைக்கு மூச்சு முட்டி இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முகமூடியைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னது இதைத்தான்:

"நாங்களும் ஒரு குழு ஆரம்பிச்சிருக்கோம். நீதான் வந்து பேசணும். உனக்குத்தான் மூடத் தெரியும்."

அவள் வீட்டுக்காரர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். மூடினால் அவருக்கும் வேலை போகும். மூடட்டும் என்று என்னிடம் சொன்னார், சத்தம் வராமல்.

பிப்ரவரி 20

தங்கை ஊருக்கே போய்விடுவது என்று ஆஸ்பத்திரியில் விலகல் கடிதம் கொடுத்தேன். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கே உள்ள மருத்துவரிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பதாகவும் அங்கே ஊதும் அறை இல்லை, நான் போய்த்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னார். நல்ல மனிதர். அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இல்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 21

இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. மாடி அறையில் இரண்டு பேர். வந்த அன்றே டேப்பை மாற்றி ஒட்டினேன்.

இன்று பள்ளிக்கூடக் கட்டடத்தில் குழுக் கூட்டம். பெஞ்சை விரலால் துடைத்துவிட்டுத்தான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தங்கை எனக்குப் பக்கத்தில், பேசாமல் மூச்சு விடுவதே அவளுக்கு வேலையாக இருந்தது. இவர் கடைசி வரிசையில், சகலையோடு.

இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று தீர்மானமாகப் போயிருந்தேன். எழுந்து கேட்டேன், இதை மூடினால் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று. குழுத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தார். கடலோரத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. பெரியது. அங்கே இன்னும் இரண்டு யூனிட் சேர்க்கப் போகிறார்கள். நிலக்கரிதான். காற்றாலைத் திட்டமும் இருக்கிறது, அது வர ஐந்தாறு வருடம் ஆகும்.

"அதுக்கப்புறம் மூடலாமே" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுந்து நின்றேன். கார்பன் அங்கே போய்விட்டால் குறைந்ததாகாது, முதலில் மாற்று, பிறகு பூட்டு. மேடையில் கேடயத்தோடு நின்று சொன்னவள்தானே நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தங்கை என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. அவளுக்கு ஐந்தாறு வருடம் கிடையாது. அதை மெஷின் இல்லாமலே என்னால் சொல்ல முடியும்.

உட்கார்ந்துவிட்டேன்.

மூட வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் கடைசி வரிசையில் சகலைகள் இருவர் கையும் மேலே இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது தங்கைக்காக நின்று நின்று வந்தோம். ஒரு இடத்தில் நிற்கும்போது இவர் சொன்னார், "கடலோரத்துலயும் டர்பைன் சுத்த ஆள் கேப்பாங்க. ஆனா அங்க எனக்குச் சகலை கிடையாது. வாடகைக்குத்தான் வீடு பாக்கணும்."

நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் மனசில் பாரம் இறங்கியது போலவே இருந்தது. அது ஏன் என்று மாடி ஏறி வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கடலோர ஊரில், இந்தப் புகை போய் இறங்கப்போகும் வீடுகளில், எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.